பங்குனிப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள்

அத்தியாயம் ஒன்பது

மாசி பிறந்தால் ரப்பர் மரங்கள் இலை கொட்டும். தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அது மறக்காது. காடு முழுக்கச் செம்பு நிறத்தில் சருகு விரிந்து கிடக்கும். நடந்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரிக் காலடியில் சத்தம் கேட்கும். வருஷம் பூராவும் இருட்டிக் கிடக்கிற நிரைகளுக்குள் வெயில் வந்து இறங்கிவிடும். பார்க்க அழகுதான். ஆனால் மரத்தில் பால் இருக்காது. பால் இல்லையென்றால் வேலையும் இல்லை.

ஐம்பத்து மூன்றாம் வருஷத்து மாசியும் அப்படித்தான் வந்தது. மம்பாவுக்கு அப்பால் இருந்த ஈச்சமரத் தோட்டத்தில், இனி வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி சொன்னார். அதைக் கேட்டு முத்தாயியும் அவள் மருமகள் மயிலம்மாளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

அந்த வீட்டில் அவர்கள் இரண்டே பேர். முத்தாயிக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. மயிலம்மாளுக்கு முப்பது நெருங்குகிறது. நடுவில் இருந்திருக்க வேண்டியவன் திருநாவுக்கரசு. முத்தாயியின் ஒரே மகன், தோட்டத்தில் எல்லோருக்கும் அரசு. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத சமயத்தில் ஜப்பான்காரன் அவனை சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். சண்டை முடிந்து சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் செத்துப்போனார்கள் என்று செய்தி வந்தது. அரசுவைப் பற்றி எதுவும் வரவில்லை.

மயிலம்மாள் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. தாலியையும் கழற்றவில்லை. முத்தாயியும் போ என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கிராணி அன்றைக்கு இன்னொரு விஷயமும் சொல்லியிருந்தார். சிரம்பானுக்கு அந்தப் பக்கம், தெமியாங் தாண்டி, துரைமார் போகிற கிளப்பு ஒன்று இருந்தது. அங்கே கோல்ப் திடலில் பங்குனியில் பெரிய போட்டி. திடலைச் சரிசெய்யப் பெண்ணாட்கள் வேண்டுமாம். நம் துரையும் அந்தக் கிளப்பில் ஒருவர் என்பதால், போக விரும்புகிறவர்களுக்கு பாஸ் தருவார். லோரி வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

"துரைங்க குச்சியால பந்து அடிக்கிற எடத்துல நமக்கு என்ன வேல?" என்றாள் முத்தாயி.

"பந்து அவங்க அடிப்பாங்க அத்தை. புல்லு நாம பிடுங்கணும்" என்றாள் மயிலம்மாள். "பத்து வயசுலேருந்து பிடுங்குற புல்லுதான்."

அப்படியாக, திங்கட்கிழமை விடியலில் இருவரும் கேட்டில் நின்றார்கள்.

கேட்டு என்றால் தோட்டத்தின் பழைய கேட்டு இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லய வீட்டு வரிசைகளை எல்லாம் ஒரே இடத்துக்கு இழுத்து வந்து, சுற்றிலும் முள்கம்பி போட்டு, அதில் வைத்த கேட்டு. காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்ட்களுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக்கூடாது என்பது சர்க்கார் உத்தரவு. வெளியே போகிற யாரும் சோறு எடுத்துப் போகக்கூடாது. மத்தியானச் சோற்றுச் சட்டியோடு வேலைக்காட்டுக்குப் போன காலம் எல்லாம் போயே போய்விட்டது.

சோதனை போடுகிற பெண் முத்தாயியின் மடியைத் தடவிப் பார்த்தாள். "சோறு ஏதும் இருக்கா?"

"வெறும் வயிறு இருக்கு. அதையும் தொறந்து காட்டவா?"

அந்தப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "போங்க, போங்க" என்று தள்ளிவிட்டாள்.

லோரி மம்பாவ் ரோட்டில் ஏறியதும் மயிலம்மாள் பலகையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தபடியே வந்தாள். எத்தனை நாளாயிற்று இந்த ரோட்டைப் பார்த்து. கம்பி வேலி வருவதற்கு முன்னால் சம்பள ஞாயிறு என்றால் தோட்டமே இந்த வழியாகத்தான் நடக்கும். ராசா கடைத்தெருவில் நின்று ஐஸ் தண்ணீர், சிரம்பான் பசாரில் பூவும் கருவாடும், திரும்பும்போது இருட்டிவிட்டால் ஆளுக்கொரு பந்தம். முன்னால் போகிறவன் பாட்டெடுப்பான், பின்னால் வருகிறவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பாடினால் புலி கிட்டே வராது என்று ஒரு நம்பிக்கை. இப்போது இந்த ரோட்டில் முன்னால் ஒரு கவச வண்டி போனது. அதன் மேல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு இருபது வயதுகூட இருக்காது. கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

கிளப்பின் பின்பக்கத்தில், மூங்கில் கொட்டகை அருகே, பல தோட்டங்களிலிருந்து வந்த பெண்கள் நின்றிருந்தார்கள். திடல் வேலையை மேய்க்கும் மண்டோர் ராமசாமி அரைக்கால் சட்டையும் நெற்றியில் திருநீறுமாக வந்தார். குரல் பெரிது, மனிதர் சிறியவர்.

"கேட்டுக்குங்க. இது தோட்டத்து வெளிக்காட்டு வேல இல்ல. சங்கிலி போட்டு அளந்து, கண்ட புல்லையும் கொத்தி எறியிற எடம் இல்ல. இங்க ரெண்டு புல்லு இருக்கு. ஒண்ணு கிளப்புப் புல்லு, அது கெடக்கணும். இன்னொண்ணு தானா மொளைச்சு வந்தது, அது போவணும். ரெண்டும் பச்சைதான். கிளப்புப் புல்லைப் பிடுங்குனவங்க அப்படியே லோரில ஏறிக்கலாம்."

ஆளுக்கொரு சின்னக் கத்தி கொடுத்து, பந்து விழும் குழியைச் சுற்றி வட்டமாக மழித்து வைத்திருந்த புல்தரையில் வரிசையாக உட்கார வைத்தார். பாய் விரித்த மாதிரி இருந்தது தரை. செருப்பில்லாத காலுக்கு அது குளுகுளுவென்று இருந்ததைப் பல பெண்கள் பிற்காலத்தில்கூடச் சொல்வதுண்டு.

மயிலம்மாளின் விரல்கள் உடனே பழகிக்கொண்டன. தடவிப் பார்த்தாலே போதும், கிளப்புப் புல் மெத்தென்று படியும், மற்றது விறைத்துக்கொண்டு நிற்கும். கத்தி முனையை வேரில் செருகி, தரை கிளறாமல் அதைத் தூக்கி எடுத்து மடியில் போட்டாள்.

முத்தாயி பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரிந்தது. துணிந்து ஒன்றைப் பிடுங்கினாள். இன்னொன்றைப் பிடுங்கினாள்.

மண்டோர் பின்னால் வந்து நின்றது அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மா, எந்திரிங்க."

முத்தாயி எழுந்தாள். அவள் காலடியில் சொட்டையாக ஒரு இடம் தெரிந்தது.

"கண்ணு ஒத்துக்கல உங்களுக்கு. வருத்தப்படாதீங்க, இது சின்னப் பொம்பளைங்க வேல."

மயிலம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "அப்ப நானும் எந்திரிக்கிறேன் அண்ணே. வந்தா ரெண்டு பேரும். இல்லன்னா வேணாம்."

"ஏம்மா, ஒன் கை நல்லா ஓடுது. போட்டி முடிஞ்சதும் நாலு பேர நெரந்தரமா வச்சுக்கப் போறோம். பின்னாடியே தங்க ரூம்பு இருக்கு. கம்பி இல்ல, கேட்டு இல்ல, சோதனை இல்ல. யோசிச்சுப் பேசு."

கம்பி இல்லாத இடம். வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் தலை நிமிர்ந்து பார்த்தார்கள்.  மருமகளின் முகத்தை முத்தாயி பார்க்கவில்லை. புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யோசிச்சுட்டேன் அண்ணே" என்றாள் மயிலம்மாள்.

மண்டோர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கை ஓடுகிற பெண்ணை விட அவருக்கு மனமில்லை. "சரி. குசினில ஆளு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. சட்டி பானை கழுவுவீங்களாம்மா?"

"பொறந்ததிலேருந்து அதானே கழுவுறேன்" என்றாள் முத்தாயி.

பனி காய்ந்ததும் பெண்களை வேறு வேறு குழிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். மயிலம்மாளோடு நாலு பேர் ஆறாவது குழிக்குப் போனார்கள். சரிவில் இறங்கி, ஓடையைத் தாண்டி, மேடேறியதும் அவள் நின்றுவிட்டாள்.

எதிரே ஒரு பாறை. எருமை படுத்திருக்கிற மாதிரி இருக்கும். தலைப்பக்கம் தாழ்ந்து, முதுகு உயர்ந்து.

"இது மரவள்ளி போட்ட எடமில்ல?" என்றாள்.

கூட வந்தவர்களுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. ஜப்பான்காரன் காலத்தில் இந்தத் திடல் முழுவதையும் கொத்திப் போட்டு மரவள்ளிக்கிழங்கு நட்டிருந்தார்கள். ரயில் தண்டவாளத்து வழியாகத் தோட்டத்து ஆட்களை நடத்திக் கூட்டி வருவார்கள். அவளும் அரசுவும் ஒரு போகம் முழுக்க இங்கேதான் கிழங்கு தோண்டினார்கள். அப்போது இந்த இடம் கிளப்பு என்றே அவளுக்குத் தெரியாது. எங்கு பார்த்தாலும் ஆளுயரத்துக்குக் கிழங்குச் செடி. இன்று முன்வாசல் வழியாக லோரியில் வந்ததால் அடையாளம் பிடிபடவில்லை.

அந்தப் பாறைக்குப் பின்னால்தான் அரசு சருகு மூட்டிக் கிழங்கு சுடுவான். காவல்கார ஜப்பான்காரன் நடப்பதைப் போலவே காலை அகட்டி நடந்து காட்டுவான். அவள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொள்வாள். கிழங்கைப் பிட்டு, பெரிய துண்டை அவளுக்குத் தருவான். அதைப் பார்த்துவிட்டு அவள் தன் துண்டில் பாதியைத் திருப்பித் தருவாள். உப்புகூட இருக்காது. உடுத்த நல்ல துணி கிடையாது, சாக்கைத் தைத்துக் கட்டியிருந்த காலம். பசியில் எல்லோர் காலும் வீங்கிக் கிடந்தது. ஆனாலும் அவள் வாழ்க்கையில் அதுதான் நல்ல வருஷம். யாரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

இப்போது அதே மேட்டில் புல் வழுவழுவென்று கிடந்தது. தொலைவிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெள்ளைப் பந்து ஒன்று மேலே பறந்து வந்து விழுந்தது. பின்னாலேயே இடுப்பில் கைத்துப்பாக்கியோடு ஒரு துரை வந்தார். பந்தைக் குழியில் தள்ளிவிட்டு, பெண்கள் இருப்பதையே கவனிக்காமல் போய்விட்டார்.

மயிலம்மாள் பாறை ஓரமாக நகர்ந்து நகர்ந்து புல் பிடுங்கினாள். அன்று முழுவதும் அவளுக்குப் பசி தெரியவில்லை.

குசினி கிளப்புக் கட்டடத்தின் பின்னால், ஒரு தாழ்வாரத்துக்கு அப்புறம் இருந்தது. அதைக் கவனித்துக்கொண்டவன் கேப்ரியல். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. எந்நேரமும் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசுவான்.

"அந்தப் பெரிய சட்டிய மட்டும் சாம்பல் போட்டுத் தேயுங்கம்மா. மத்ததுக்குச் சவர்க்காரம் போதும்லா. துரைங்க சோப்பு வாசம் வந்தா திட்டுவாங்க, சாம்பல் வாசம் வந்தாலும் திட்டுவாங்க."

முத்தாயிக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. "தம்பி எந்தத் தோட்டம்?"

"கோலா கிளாவாங் பக்கம். அது அப்ப. இப்ப எல்லாம் இந்தக் கிளப்புதான்."

"சயாமுக்குப் போனீங்களா?"

"போனேன்."

திரும்பி வந்தவர் யாரைப் பார்த்தாலும் முத்தாயி கேட்கிற கேள்வி ஒன்று இருந்தது. வார்த்தை மாறாது. கேட்டுக் கேட்டு அது மனப்பாடமாகியிருந்தது.

"என் மவன் அரசு. நல்ல ஒசரம். வலது கை மோதிர வெரல்ல நுனி இருக்காது, ரப்பர் மெசின்ல போயிருச்சு. எங்கயாச்சும் பாத்தீங்களா?"

கத்தி நின்றது. பிறகு கேப்ரியல் எழுந்து போய், கொதிக்காத சட்டி ஒன்றின் மூடியைத் திறந்து பார்த்தான்.

"தெரியலம்மா. ஆயிரக்கணக்குல ஆளுங்க."

முத்தாயி சாம்பலை அள்ளினாள். சட்டியைத் தேய்த்தாள்.

மத்தியானம் துரைமார் சாப்பிட்டு முடிந்தபின், கேப்ரியல் ஒரு மங்குத் தட்டில் சோறும் மீன் குழம்பும் போட்டு அவள் முன்னால் வைத்தான். புல் பிடுங்குகிற பெண்களுக்கும் வாளியில் சோறு போயிற்று. கம்பிக்கு வெளியே உட்கார்ந்து சுடுசோறு தின்று எத்தனையோ காலமாகியிருந்தது. முத்தாயி இரண்டு வாய் தின்றாள். மூன்றாவது வாய் உள்ளே போகவில்லை.

"தம்பி, இங்க கொஞ்சம் வாங்க."

வந்தான்.

"சண்ட முடிஞ்சதுலேருந்து இதக் கேக்குறேன். தெரியாதவங்க என் மொகத்தப் பாத்துத் தெரியாதுன்னு சொல்லுவாங்க. நீங்க சட்டியப் பாத்துச் சொன்னீங்க."

கேப்ரியல் கையைத் துண்டில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"உங்ககூட வந்துச்சே அந்தப் பொண்ணு, யாரும்மா அது?"

"என் மருமவ. அவன் பொண்டாட்டி."

அவன் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான்.

"செத்துட்டானா?" என்றாள் முத்தாயி. அவள் குரல் நிதானமாகத்தான் இருந்தது. பத்து வருஷமாக அந்த வார்த்தைக்கு அவள் தயாராகிக்கொண்டு வந்திருந்தாள்.

"இல்லம்மா. சாகல. உசுரோட இருக்கான்."

 முத்தாயி தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். இதற்கு மட்டும் அவள் தயாராக இல்லை.

"சண்ட முடிஞ்சு எங்கள ஏத்திக்கிட்டு வர லோரி வந்துச்சு. என் மூட்டைய அவன்தான் தூக்கிக் குடுத்தான். அவன் ஏறல. ஏண்டா ஏறலன்னு கேட்டேன். ஆத்தோரம் சின்ன ஊரா ஒரு கம்பம் இருந்துச்சும்மா. பேதில சாகக் கெடந்தப்ப ஒரு சயாம் பொண்ணு தூக்கிட்டுப் போயி கஞ்சி ஊத்திக் காப்பாத்துச்சு. அதுகூடவே இருந்துட்டான். நாங்க கெளம்புறப்ப கையில ஒரு புள்ள."

முத்தாயி தட்டை ஓரமாக நகர்த்தினாள்.

"யாராச்சும் கேட்டா செத்துட்டேன்னு சொல்லிருன்னான். எந்தத் தோட்டம்னு அவனும் சொல்லல, நானும் கேக்கல."

"அப்பறம் ஏன் தம்பி என்கிட்ட அப்படிச் சொல்லல?"

"பெத்தவகிட்ட எப்படிம்மா அதச் சொல்றது? வாய் வரல."

வெளியே யாரோ தட்டுகள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். முத்தாயி அவர்கள் போகும்வரை காத்திருந்தாள்.

"ஒடம்பு நல்லாருந்துச்சா அவனுக்கு?"

"நல்லாருந்துச்சும்மா. சிரிச்சுக்கிட்டேதான் இருந்தான்."

அவள் எழுந்து அந்தத் தட்டுகளைக் கழுவப் போனாள். கை தானாக வேலை செய்தது. என் பிள்ளை இருக்கிறான், எங்கேயோ ஆற்றங்கரையில் சோறு தின்கிறான், அவனுக்கு ஒரு பிள்ளை இருக்கிறது என்று நெஞ்சு திரும்பத் திரும்பச் சொன்னது. அந்தச் சந்தோஷத்துக்கு அடியிலிருந்து இன்னொன்று எழும்பி வந்தது. மாரியம்மன் கோயில் திருவிழாவில் எல்லாப் பெண்களும் தலை நிறையப் பூ வைத்துக்கொள்ளும்போது, வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஒற்றைப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற மயிலம்மாளின் முகம்.

சொல்லாவிட்டால் அவள் இங்கேயே இருப்பாள். தனக்குக் கஞ்சி காய்ச்சி, தலைவலிக்குத் தைலம் தேய்த்து, கடைசியில் வாய்க்கரிசியும் போடுவாள். கேப்ரியல் சொல்ல மாட்டான். அவன் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. சொன்னால் போய்விடுவாள். போவதுதான் நியாயம். அப்புறம் அந்த வீட்டில் முத்தாயி மட்டும்.

சாயந்திரம் லோரியில் மயிலம்மாள் பேசிக்கொண்டே வந்தாள். அவள் இப்படிப் பேசி முத்தாயி கேட்டு வருஷங்கள் ஆயிற்று.

"எருமைப் பாறை இருக்குல்ல அத்தை, நாங்க கெழங்கு தோண்டுன எடம்? அது இந்தக் கிளப்புதான். அப்படியே இருக்கு பாறை. உங்களுக்குத் தெரியுமா, உங்க மவன் அங்க உக்காந்து சப்பான்காரன் மாதிரி பேசுவாரு. ஒருநாள் நெசமாவே சப்பான்காரன் பின்னாடி வந்து நின்னுட்டான். இவருக்குத் தெரியல. நான் கண்ணைக் காட்டுறேன், காட்டுறேன், இவரு நிறுத்தவே மாட்டேங்குறாரு."

"அப்பறம்?"

"அந்த ஆளு சிரிச்சுட்டான் அத்தை. அவன் சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன். ஒரு கெழங்க எடுத்துத் தின்னுட்டுப் போயிட்டான்."

முத்தாயி சிரித்தாள். சிரிக்காமல் இருக்க முடியவில்லை. சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது. காற்றுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கேட்டில் மறுபடி சோதனை. ஊரடங்குச் சங்கு ஊத இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. குழாயடியில் கைகால் கழுவிவிட்டு வீட்டுக்குள் வந்ததும் மயிலம்மாள் அடுப்பு மூட்ட உட்கார்ந்தாள். ஈர விறகு. குழலை வைத்து ஊதினாள். முத்தாயி கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"மயிலு. அரசு இருக்கான்."

மயிலம்மாள் நிமிர்ந்தாள். பாறைக் கதை சொன்ன சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சமிருந்தது. "எங்க?"

முத்தாயி சொன்னாள். மூச்சு விடாமல், எதையும் மறைக்காமல், கேப்ரியல் எப்படிச் சொன்னானோ அப்படியே. செத்துவிட்டேன் என்று சொல்லச் சொன்னதையும் விடவில்லை. அதை விட்டுவிட்டால் மருமகள் மறுபடி காத்திருக்கத் தொடங்கிவிடுவாள் என்று பயம்.

அடுப்பு புகைந்தது. மயிலம்மாள் குழலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன புள்ளையாம்?"

"கேக்கல."

"எந்த ஊராம்?"

"கேக்கலடி."

"பின்ன என்னத்தக் கேட்டீங்க அத்தை?"

"ஒடம்பு நல்லாருந்துச்சான்னு கேட்டேன்."

மயிலம்மாள் ஒரு சுள்ளியை அடுப்புக்குள் தள்ளினாள். பிறகு மெதுவாகத் தலையாட்டினாள். "நானா இருந்தாலும் அதத்தான் கேட்டிருப்பேன்."

அவள் மறுபடி குழலை எடுத்து ஊதினாள். ஊதிக்கொண்டே இருந்தாள். தீ பற்றிக்கொண்ட பிறகும் ஊதினாள். முத்தாயி கை நீட்டிக் குழலை வாங்கி ஓரமாக வைத்தாள். அப்போதுதான் மயிலம்மாள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. லயத்தில் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் அழ அங்கே எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

முத்தாயி அவள் முதுகில் கை வைத்தபடி இருந்தாள். வெளியே சங்கு ஊதி ஓய்ந்தது.

"மண்டோர் ரூம்பு இருக்குன்னு சொன்னாருல்ல" என்றாள் கடைசியில். "நீ அங்க போயிரு. கம்பி இல்லாத எடம். ஒனக்கு வயசு இருக்கு. நான் இங்க கெடந்துக்குவேன்."

"நீங்க யாருகூடச் சண்ட போடுவீங்க?"

"வெளையாடாத."

"வெளையாடல அத்தை." மயிலம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பானையை அடுப்பில் ஏற்றினாள். "அவரு சொன்னதக் கேட்டீங்க, அந்தச் சமையக்காரரு சொன்னதக் கேட்டீங்க. நான் என்ன செய்யப் போறேன்னு நான் இன்னும் சொல்லல."

என்ன செய்யப் போகிறாய் என்று முத்தாயி கேட்கவில்லை. இருவரும் கஞ்சி குடித்துப் படுத்தார்கள். பாயை மயிலம்மாள் வழக்கம்போல அத்தைக்குப் பக்கத்திலேயே விரித்தாள்.

காலையில் லோரிக்கு நிற்கும்போது மயிலம்மாள் சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தாள். அன்று பனி அதிகம்தான், மற்ற பெண்களும் போர்த்தித்தான் இருந்தார்கள். தாலி கழுத்தில் இருக்கிறதா இல்லையா என்று முத்தாயியால் பார்க்க முடியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. 

கிளப்பில் இறங்கியதும் பெண்கள் மூங்கில் கொட்டகைக்குக் கத்தி வாங்கப் போனார்கள். ராமசாமி மண்டோர் பேர் கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

மயிலம்மாள் கொட்டகைப் பக்கம் திரும்பவில்லை. நேராகக் குசினியை நோக்கி நடந்தாள். தாழ்வாரத்தில் விறகுக் கட்டோடு நின்ற கேப்ரியல், அவள் வருவதைப் பார்த்ததும் கட்டை இறக்கி வைத்தான்.

"அண்ணே" என்று அவள் சொல்வது முத்தாயிக்குக் கேட்டது. "அந்த ஊரு பேரு சொல்லுங்க. அங்க எப்படிப் போறதுன்னும் சொல்லுங்க."

"மயிலம்மா" என்று மண்டோர் மறுபடி கூப்பிட்டார்.  எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

முத்தாயி கொட்டகைக்கும் குசினிக்கும் நடுவில் நின்றாள். பிறகு மண்டோரைப் பார்த்து, "வந்துருவா. அதுவரைக்கும் அவ கத்திய என்கிட்ட குடுங்க" என்று கையை நீட்டினாள்.